பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரும் நம்ம குழுக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு திரும்ப வந்தது என்பதையெல்லாம் செயலாளர் மதினி சொல்லிட்டாங்க. அதையே நானும் சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க. நான் பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசப்போறேன். பொருளாளருக்குப் பள்ளிக்கூடத்துல என்ன வேலைன்னு கேக்காதீங்க. பணம் புழங்குற இடத்துல பொருளாளருக்கு வேலை இருக்கு.

நம்மில் பல பேர் தினமும் விடியக்காலையில பள்ளிக்கூடத்துக்குள்ள போறவங்க. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான். உப்புமாவை இறக்கி வச்சுட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடப் போறப்போ, வகுப்புச் சுவத்துல பெரிய டிவி மாதிரி ஒண்ணு இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதுதான் ஸ்மார்ட் போர்டு. அது நம்ம வரிப்பணம். தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் நாமளும் வரி கட்டுறோம்.

நம்ம ஊருப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் முதல்ல கொடுத்தது லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் அந்தத் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிச்ச பிள்ளைகளுக்கு அடுத்த எட்டு ஒன்பது வருஷத்தில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தாங்க. செலவு 7,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதைப் பத்தி ஆயிரம் குறை சொல்றாங்க. சினிமா பார்த்தான், வித்துட்டான் என்று. இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. நம்ம வீட்டுல ஒரு போன் இருந்தா அது முதல்ல அப்பாகிட்ட, அப்புறம் அண்ணன்கிட்ட, மிச்சம் இருந்தாத்தான் பொம்பளப் பிள்ளை கைக்கு வரும். அந்த லேப்டாப் அப்படி இல்லை. அவ பேருல வந்தது, அவ கையெழுத்துப் போட்டு வாங்கினது. "இது எனக்குக் கொடுத்தது"ன்னு அண்ணன்கிட்ட இருந்து திருப்பி வாங்குற உரிமை அவளுக்கு இருந்துச்சு. தங்கம், நிலம் தவிர ஒரு சாமான் பொம்பளப் பிள்ளை பேருல வீட்டுக்குள்ள வந்தது அதுதான் முதல் தடவைன்னு சொல்ற வீடு எங்க தெருவுலயே உண்டு.

கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டினாங்க. பாடம் போன்லயும் கல்வித் தொலைக்காட்சியிலயும் நடந்துச்சு. அந்த வருஷ உள்கடன் நோட்டை எடுத்துப் பாருங்க. "மருத்துவம்", "விவசாயம்", "திருமணம்"னு இருக்கிற பத்தியில "செல்போன்"னு புதுசா ஒரு வார்த்தை வந்திருக்கும். ஆட்டுக்குட்டி வாங்கக் கேட்ட கடனைப் போனா மாத்தினவங்க இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க. அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குச் செய்யாம விட்டுப்போன செலவு கடைசியில யாரு தலையில விழும் என்பதற்கு அந்த நோட்டே சாட்சி.

இப்போ போக்கு மாறியிருக்கு. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுக்க 2025-26 பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. இரண்டு வருஷத்தில் 20 லட்சம் பேருக்கு, முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். ஆனால் பள்ளியில், பிள்ளை கையில கொடுக்கிறதை விடப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறதுதான் அதிகம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் 22,000-க்கும் மேலே ஸ்மார்ட் வகுப்பறை, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட்.

நல்லது. ஆனா பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா துணியில சுத்தி வைப்பா. பள்ளிக்கூடத்துல இருந்தா யாரு சுத்தி வைக்கிறது?

நம்ம ஊராட்சியில மூணு பள்ளிக்கூடம். எதுன்னு சொல்ல மாட்டேன், ஒண்ணுல போர்டு வந்த அடுத்த கோடையில யு.பி.எஸ். பேட்டரி போச்சு. கரண்ட் அடிக்கடி விட்டு விட்டு வர்ற ஊரு. போர்டு கெட்டுப்போயிருமோன்னு பயந்து டீச்சர் அதை அணைச்சு, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. உடைஞ்சா பதில் சொல்ல வேண்டியது அவங்கதான். கோவில்பட்டியிலிருந்து ஆள் வரணும், வந்தா யாரு காசு கொடுக்கிறதுன்னு தெரியலை. இப்படியே எட்டு மாசம். பிள்ளைக அதை "போர்வை டிவி"ன்னு பேரு வச்சிருச்சுக.

ஏன் இப்படி ஆகுதுன்னு கணக்கைப் பார்த்தேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று ஒண்ணு இருக்கு. 2018-லிருந்து நடக்குது. ஒன்றிய அரசு நூத்துக்கு 60, மாநில அரசு 40 போடணும். அந்தத் திட்ட விதிப்படி, 6-ஆம் வகுப்புக்கு மேலே உள்ள ஒரு பள்ளிக்குக் கம்ப்யூட்டர் லேப் அமைக்க ஒரு தடவைச் செலவாக 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரை. அப்புறம் வருஷச் செலவுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் வரை, அதுவும் ஐந்து வருஷத்துக்கு. ஸ்மார்ட் வகுப்பறை என்றால் முதலில் 2 லட்சத்து 40 ஆயிரம், வருஷத்துக்கு 38 ஆயிரம். ஐந்து வருஷம் முடிஞ்ச பிறகு? கம்ப்யூட்டர் பழசாகிறதே அப்போதான்.

தொடக்கப் பள்ளி கையில செலவுக்கு இருக்கிறது பள்ளி மானியம். அதுவும் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்த்து. 30 பேர் வரைக்கும் வருஷத்துக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரைக்கும் 25,000, 250 பேர் வரைக்கும் 50,000. சாக்பீஸ், குழாய், கழிப்பறை சுத்தம், உடைஞ்ச நாற்காலி எல்லாம் அதுக்குள்ளதான். 28 பிள்ளைக படிக்கிற பள்ளிக்கூடம் பத்தாயிரத்துல குழாயைப் பார்க்குமா, பேட்டரியைப் பார்க்குமா? சின்னப் பள்ளியில போர்டு ஏன் போர்வைக்குள்ள போகுதுன்னு இப்போ புரியுதா?

இதுல இன்னொரு சிக்கலும் சேர்ந்துச்சு. 2024-25-க்கு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி விடலை. பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலைன்னு அவங்க சொன்னாங்க, புதிய கல்விக் கொள்கையை ஏத்துக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துறாங்கன்னு மாநில அரசு சொல்லி நீதிமன்றம் வரைக்கும் போனது. அவங்க அரசியலுக்குள்ள நான் போகலை. ஆனா நம்ம குழுவுல ரெண்டு உறுப்பினர் சண்டை போட்டா, அதுக்காகப் பேங்குத் தவணையை நிறுத்துவோமா? சண்டை ஒரு பக்கம், தவணை ஒரு பக்கம்.

மாவு அரைக்கிற மிஷின் வாங்கின நம்ம குழு ஒண்ணு இருக்கு. அந்தக் குழுத் தலைவி அக்கா இங்கதான் இருக்காங்க. மிஷின் வாங்கின அன்னைக்கே மூணு காரியம் செஞ்சாங்க. சொத்துப் பதிவேட்டுல ஏத்தினாங்க. வாரண்டி அட்டையை ஒட்டி, முடியிற தேதியைச் சிவப்பு மையில எழுதினாங்க. அரைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு ரூபாய் பெல்ட்டுக்கும் மோட்டாருக்கும்னு தனி டப்பாவுல போட்டாங்க. அந்த மிஷின் இன்னைக்கும் ஓடுது. பல லட்ச ரூபாய்ச் சாமான் இருக்கிற பள்ளிக்கூடத்துல அந்த டப்பா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த டப்பாவை வைக்க வேண்டியது அரசாங்கம். நாம காசு போடணும்னு நான் சொல்லவே இல்லை. ஏற்கனவே போன் கடன் கட்டினோம், போதும். வைக்கச் சொல்லிக் கேக்குறதுதான் நம்ம வேலை.

எங்க கேக்குறது? பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்துலயே அது இருக்கு. நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். நம்ம மாநிலத்துல சுய உதவிக் குழு உறுப்பினருக்கும் அதுல இடம் இருக்கு. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுறதும், வந்த பணம் எப்படிச் செலவாச்சுன்னு பார்க்கிறதும் அந்தக் குழுவுக்குச் சட்டம் கொடுத்த வேலை. ஆனா நம்ம ஆளுக என்ன செய்றோம்? போறோம், டீ குடிக்கிறோம், நோட்டுல கையெழுத்துப் போடுறோம், வர்றோம். நம்ம குழுவுல தீர்மானம் படிக்காம கையெழுத்துக் கேட்டா விடுவோமா?

அந்தப் போர்வை டிவிக்கு நடந்ததைச் சொல்றேன். நம்ம உறுப்பினர் ஒருத்தங்க, காலை உணவு சமைக்கிறவங்க, அந்தக் குழுவுல இருக்காங்க. பெரிய படிப்பு இல்லை. கூட்டத்துல எந்திரிச்சு, "டீச்சர், இது வந்த தேதி என்ன, வாரண்டி எதுவரைக்கும்?"னு ஒரே கேள்வி கேட்டாங்க. ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தா வாரண்டி முடிய இன்னும் அஞ்சு மாசம் பாக்கி! காசே வேண்டாம், புகார் எழுதினா போதும். அங்கேயே தீர்மானம் போட்டு, தலைமை ஆசிரியர் மேல அனுப்பினாங்க. மூணு வாரத்துல பேட்டரி மாத்திக் கொடுத்தாங்க. டீச்சருக்கும் சந்தோஷம்தான். தனியாக் கேட்டா ஒரு ஆளு கேக்குற மாதிரி இருக்கும், தீர்மானமாப் போனா ஊரு கேக்குற மாதிரி இருக்கும்.

வாரண்டி முடிஞ்ச பிறகு என்ன செய்யறது என்பது இன்னும் தீரலை. அதுக்குக் கிராம சபை இருக்கு. வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. பள்ளிக்கூடத்துச் சாமானுக்கு வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் தனியா ஒதுக்கணும், சின்னப் பள்ளிக்குத் தலைக்கணக்குப் பார்க்காம ஒதுக்கணும்னு மூணு பள்ளிக்கும் சேர்த்து ஒரே தீர்மானம் எழுதி வச்சிருக்கோம். மேடம் படிச்சுப் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்காங்க. சாப்பாடு முடிஞ்சதும் யாரும் பஸ்ஸுக்கு ஓடிறாதீங்க. எந்தப் பள்ளிக் குழுவுல நம்ம பெண்கள் யார் யார் இருக்கீங்கன்னு பேரு எழுதணும். நோட்டு செயலாளர் மதினிகிட்ட இருக்கு.