எண்களாகிப் போன சிப்பாய்கள்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாமெல்லாம் பிழைப்புத் தேடி இந்தப் பம்பாய்க்கு வந்தவர்கள். ஆனால் இதே துறைமுகத்திலிருந்து, எங்கே போகிறோம் என்பது கூடத் தெரியாமல் கப்பலேற்றப்பட்ட ஏழைகளும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதல் உலகப் போரில் வெள்ளை அரசு இந்தியாவிலிருந்து கடல் கடந்து அனுப்பிய படைகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகளைச் சூட்டியது. ‘ஏ’ படை பிரான்சுக்குப் போயிற்று. ‘பி’ படை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. இவற்றில் மிகப் பெரிதாக வளர்ந்தது மெசபொடேமியா சென்ற ‘டி’ படை. இன்றைய ஈராக்தான் அந்த நாடு.

1914 அக்டோபர் 16ஆம் நாள் புனா டிவிஷனின் ஒரு பிரிகேட் பம்பாயிலிருந்து புறப்பட்டது. பிரிட்டன் துருக்கிமீது போர் தொடுத்ததோ நவம்பர் 5ஆம் நாள்! போர் வருமுன்னே படை ஏன் புறப்பட்டது? அபாதானில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை பிரிட்டிஷ் அரசு அதே 1914இல்தான் வாங்கியிருந்தது. போர்க் கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்குக் காவல் வேண்டும். காவலுக்கு இந்தியச் சிப்பாய் வேண்டும். கணக்கு இவ்வளவுதான்.

நவம்பர் 6இல் பாவோவில் இறங்கினார்கள். 22இல் பஸ்ரா விழுந்தது. அத்தோடு நின்றார்களா? இல்லை. பாக்தாத் ஆசை பிடித்துக்கொண்டது. தளபதி டவுன்ஷெண்ட் ஆற்றோரமாக முன்னேறி, 1915 நவம்பரில் டெசிபோனில் மோதி, மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவர்களைப் பலி கொடுத்தும் காயப்படுத்தியும், குத் நகருக்குத் திரும்பினார். காயம்பட்டவர்களை வில் இல்லாத கோவேறு கழுதை வண்டிகளில் போட்டு இழுத்தார்கள். எலும்பு முறிந்தவன் நிலையை எண்ணிப் பாருங்கள்! படகுகளில் வந்தவர்கள் அசுத்தத்திலேயே கிடந்ததைக் கண்டு வாய் திறந்த கார்ட்டர் என்ற மருத்துவ அதிகாரியை மேலதிகாரிகள் மிரட்டினார்கள். இதை நான் சொல்லவில்லை. அவர்களே அமைத்த விசாரணைக் கமிஷன் 1917இல் சொன்னது. இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லேன் பதவி விலகினார்.

குத் முற்றுகை 147 நாள் நீடித்தது. மீட்க வந்த படைகள் மட்டும் 23,000 பேர் வரை சேதம் கண்டன. 1916 ஏப்ரல் 29இல் சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். டவுன்ஷெண்டுக்கு இஸ்தான்புல் அருகே தீவில் மாளிகை வாசம். ‘சர்’ பட்டமும் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்க்கோ பாலைவன நடை, ரயில் பாதையில் கூலி வேலை, ஆயிரக்கணக்கானோருக்குச் சாவு!

இதில் நம் மக்கள் எங்கே என்று கேட்பீர்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள் அங்கே இருந்தார்கள். 1917 பிப்ரவரி 23இல் ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் ஆற்றைப் படை கடந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அடுத்த மாதம் 11ஆம் நாள் பாக்தாத் வீழ்ந்தது. போர் முடிவதற்குள் இந்தியாவிலிருந்து அந்த மண்ணுக்குப் போனவர்கள் சுமார் 5 லட்சத்து 88 ஆயிரம் பேர். ஏறத்தாழ பாதிப்பேர் துப்பாக்கி பிடிக்காதவர்கள்: தண்ணீர் சுமந்தவர், டோலி தூக்கியவர், கழுதை ஓட்டியவர், துப்புரவு செய்தவர், சிறையிலிருந்து கொண்டுபோகப்பட்ட கைதிகள்.

செலவு யாருடையது? அதுவும் நம்முடையதே! 1917இல் மட்டும் 10 கோடி பவுண்டு, அதாவது 150 கோடி ரூபாய், இந்தியாவின் ‘அன்பளிப்பு’ என்று எழுதிக்கொண்டார்கள்.

தோழர்களே, பஸ்ராவில் 1929இல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அது நினைவிடம். வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்திய அதிகாரிக்கும் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? இன்ன ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று எண் மட்டும்! செத்த பிறகும் தலைக்கணக்குத்தான்! போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

2003இல் அதே ஈராக்குக்கு நம் படையை அமெரிக்கா கேட்டது. ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று அந்த ஜூலையில் இந்திய அரசு மறுத்தது. 1914இல் மறுக்க நமக்கு வாயில்லை, 2003இல் இருந்தது. சுதந்திரம் என்பதன் பொருள்களில் இதுவும் ஒன்று.

ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். பழைய தகரப்பெட்டிகளில் அந்தப் போரின் பதக்கம் கிடக்கலாம். சண்டையிட்ட சிப்பாய்க்கு வெள்ளி கொடுத்தார்கள். உழைப்புப் படைக்காரனுக்கு வெண்கலம். அதிலும் பாகுபாடு! ஆனால் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வந்து சங்கத்தில் கொடுங்கள். அந்தப் பெயர்களை இந்த ஏட்டில் அச்சிடுவோம்.

எண்ணாக எழுதினான் அந்நியன். பெயராக எழுதவேண்டியது நாம்!