ஒரு சாண் போத்து



அத்திக் கன்று வாங்கப் புறப்படுகிறவர்கள், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எந்த அத்தி? இதைக் கேட்காமல் போனதால், வேண்டாத ஒரு மரத்துக்கு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியவன் நான்.

சாலையோரத்து நர்சரி ஒன்றில்தான் வாங்கினேன். பையில் ஓர் அட்டை கட்டியிருந்தது. அட்டையில் வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர், பக்கத்தில் பிளந்து வைத்த சிவப்புப் பழத்தின் படம். கன்றில் நாலைந்து இலைகள். நான் படத்தை நன்றாகப் பார்த்தேன், இலையைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் வைத்த கன்று கிடுகிடுவென வளர்ந்தது, நிழல் கூடக் கொடுத்தது. காய் மட்டும் இல்லை. மூன்றாம் வருடம் ஒருநாள், எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அக்கா அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, கொள்ளிடக் கரையில சும்மா கிடக்குற அத்திய காசு குடுத்தா வாங்கியாந்தீங்க?”

அதுதான் நாட்டு அத்தி. குறை சொல்ல முடியாத மரம்தான். காஞ்சிபுரத்தில் 2019-இல் 48 நாள் தரிசனம் தந்தாரே அத்தி வரதர், அவர் திருமேனி இந்த அத்தி மரத்தில் ஆனது என்றுதான் பெயரே சொல்கிறது. பறவைகளுக்கு இதன் பழம் பெருவிருந்து. ஆனால் ஐந்து சென்ட் மனையில் வைக்கிற மரமல்ல. கடையில் மாலையாகக் கோத்து விற்கிற உலர் அத்தியும் இதிலிருந்து வருவதல்ல. அது சீமை அத்தி. பெயர் ஒன்று, மரம் வேறு.

தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்த விஷயத்தில் என்னைவிட விவரமானவர்கள். ஆதாமும் ஏவாளும் தைத்து உடுத்தியது அத்தி இலை. இயேசுவைப் பார்க்கச் சகேயு ஏறி நின்ற மரமோ காட்டத்தி. இரண்டையும் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். அந்தக் காட்டத்தி நம் நாட்டு அத்திக்கு நெருங்கிய சொந்தம்.

இரண்டையும் பிரித்தறிய இலை போதும். நாட்டு அத்தியின் இலை முழுசாக, நீள்வட்டமாக, தடவினால் வழவழப்பாக இருக்கும். சீமை அத்தி இலை விரல்களை விரித்த கைபோல மூன்றாகவோ ஐந்தாகவோ பிளந்திருக்கும். இளங்கன்றில் சில இலைகள் பிளவில்லாமலும் வரலாம். அப்போது தடவிப் பாருங்கள், உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரவென்று இருந்தால் அது சீமை அத்தி. இன்னொன்றும் அத்தி என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. தட்டு அகலத்துக்கு, யானைக் காதுபோல வட்ட இலை. அழகுக்கு வைக்கலாம், பழத்துக்காக என்றால் வேண்டாம்.

சீமை அத்தி என்று உறுதியாகிவிட்டால் அடுத்த கேள்வி, இது விதையில் முளைத்ததா, தாய் மரத்தின் கிளையை வெட்டி ஊன்றிய போத்திலிருந்து வந்ததா? விதைக் கன்று என்றால் நகர்ந்துவிடுங்கள். இதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், அத்தி பூப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அத்தி பூத்தாற்போல என்கிறோம், ஆனால் அது ஒவ்வொரு காய்ப்பிலும் பூக்கத்தான் செய்கிறது. பூவெல்லாம் காய்க்குள்ளே உட்பக்கம் பார்த்து நிற்கின்றன, நம் கண்ணுக்குப் படாது. காயின் நுனியில் இருக்கும் சின்னக் கண் வழியாக, எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. சீமை அத்தியில் சில மரங்கள் குளவிக்கு வீடு மட்டும் கொடுக்கும், தின்னத் தகுந்த பழம் தராது. சில மரங்கள் நல்ல பழம் தரும், ஆனால் குளவி வந்தால்தான் தரும். இன்னும் சில, குளவியே இல்லாமல் தாமாகப் பழுக்கும். குளவியை நம்பியிருக்க முடியாத நமக்கு வேண்டியது இந்தக் கடைசி வகை. துருக்கியிலிருந்து வரும் உலர் அத்தியின் விதையைப் போட்டால் முளைக்கும். ஆனால் அவற்றில் ஏறக்குறைய பாதி குளவி வீடுகளாகப் போய்விடும், மீதியும் பெரும்பாலும் குளவியை எதிர்பார்த்தே நிற்கும்.

அத்தியில் ஏமாந்தவன் நான் மட்டுமல்ல என்பதில் ஒரு சின்ன ஆறுதல். அமெரிக்காவில் கலிபோர்னியா விவசாயிகள் 1880-களில் துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து பேர்போன அத்தியின் போத்துகளை வரவழைத்து நட்டார்கள். மரம் செழித்தது, பிஞ்செல்லாம் உதிர்ந்தது. துருக்கிக்காரர்கள் வேண்டுமென்றே உதவாத குச்சிகளை அனுப்பிவிட்டார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். குளவியைத்தான் அவர்கள் கூட அழைத்து வரவில்லை! 1899-இல் ஃபிரெஸ்னோவில் அந்தக் குளவி நிலைபெற்ற பிறகே காய் உதிராமல் நின்றது.

நம் பக்கம் நம்பி வைக்க ஏற்றது பூனா அத்தி. புனேவுக்குத் தெற்கே புரந்தர் வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாக விளைகிறது. புரந்தர் அத்திக்கு 2016-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குளவி இல்லாமல் பழுக்கும். பிரௌன் டர்க்கி, டயானா என்ற வகைகளும் நர்சரிகளில் கிடைக்கின்றன. ஆனால் அட்டையில் எழுதியிருப்பதால் மட்டும் அது அந்த வகையாகிவிடாது. தாய் மரத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டுகிற இடத்தில் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம் என்பேன். உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது சீமை அத்தி காய்க்கும். போய் ஒரு பழம் தின்று பாருங்கள். பிடித்திருந்தால் ஒரு போத்துக் கேளுங்கள். முருங்கை வைக்கிற கைக்கு இது சுலபம். என்னிடம் இன்று இருக்கும் மரம் அப்படி வந்ததுதான், நண்பர் வீட்டில் கவாத்து செய்து குப்பைக்குப் போக இருந்த கிளை. அந்த மரமும் அப்படி இன்னொரு மரத்தின் கிளையாக இருந்திருக்கும். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கருகிய சில அத்திப் பழங்கள் கிடைத்தன. 11,400 ஆண்டு பழையவை, முளைக்கும் விதை இல்லாத வகை, ஆகவே மனிதர்கள் கிளை ஒடித்து நட்டு வளர்த்தவையாக இருக்கலாம் என்று 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மறுத்தவர்களும் உண்டு. எனக்கு நம்பத்தான் ஆசை.

போத்து விரல் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுவோடு இருக்கட்டும். பச்சைக் குருத்து ஆகாது, முற்றிய குச்சி வேண்டும். வெட்டியதும் பால் வடியும். அது காயும்வரை நிழலில் வையுங்கள். அந்தப் பால் கையில் பட்டு வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும், அதனால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நான் பனியனோடு வெட்டியதன் தழும்பு இரண்டு மாதம் இருந்தது. மணலும் தேங்காய் நார்க் கழிவும் கலந்த பையில், மேலே ஒரு கணு தெரிய ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். இலை துளிர்த்ததும் வேர் விட்டுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். குச்சியில் இருக்கும் சத்திலேயே முதல் இலை வந்துவிடும். இரண்டு மாதமாவது பொறுங்கள்.

நடுகிற இடத்தில் நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி நடுங்கள், கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் போகவே வேண்டாம். அத்தி வேர் தண்ணீரை மோப்பம் பிடித்துப் போகிற வேர். இரண்டடிக்கு இரண்டடி குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் இரண்டு கூடை, வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ கலந்து நிரப்புங்கள். புண்ணாக்கை விட்டுவிடாதீர்கள். அத்தியின் பெரிய எதிரி மண்ணுக்குள் இருக்கிறது, நூற்புழு. வேரெல்லாம் முடிச்சு விழுந்து மரம் காரணம் தெரியாமல் சோரும். சுற்றிலும் துலுக்க சாமந்தி நாலு வைத்தால் அதுவும் உதவும். ஆடியில் மழை பிடித்ததும் நடலாம், இல்லையென்றால் அடைமழை ஓய்ந்து தையில். தண்ணீர் தேங்குகிற மண்ணென்றால் மேடு கட்டி நடுங்கள்.

மண்ணே இல்லாத வீட்டுக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். இருநூறு லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, செங்கல்மேல் வைத்தால் மாடியிலும் காய்க்கும். வேர் நெருக்கப்பட்டால் அத்தி கோபித்துக்கொள்ளாது. இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மண் மாற்றுங்கள்.

புதுத் தளிர்க் கிளையில், இலைக்கு ஒரு காயாக வருவது இதன் பழக்கம். அதனால் வெட்டத் தயங்குகிறவர் வீட்டில் அத்தி உயரமாகப் போகும், பழம் குறையும். சிறுவயதிலேயே இரண்டரை அடியில் கிள்ளி, மூன்று நான்கு கிளையாக விரியவிட்டு, வருடம் ஒருமுறை கவாத்து செய்யுங்கள். ஐப்பசி மழையில் பழுப்பது வெடித்துப் புளிக்கும். மாசிக்கு மேல் வெயிலில் பழுப்பதுதான் பழம். அதற்கேற்ப அடைமழைக்கு முன்னாலேயே வெட்டிவிட்டால், புதுக் கிளையின் காய் வெயில் காலத்துக்கு வந்து சேரும்.

பறிக்கும் நேரத்தைக் காம்பே சொல்லும். நிமிர்ந்து நின்ற காய் கழுத்து வளைந்து தொங்க வேண்டும். காம்பில் பால் கசிந்தால் இன்னும் ஒருநாள் பொறுக்கலாம். பறித்தபின் அத்தி சரியாகப் பழுக்காது, மாம்பழம்போல் வைக்கோலில் வைக்கிற வேலை இங்கே செல்லாது. முழுப் பழமோ ஒருநாள் தாங்கினால் அதிகம். கடையில் கிடைக்கும் பச்சை அத்தி சப்பென்று இருப்பது இதனால்தான். மரத்தடியில் நின்று தின்பதற்கென்றே அமைந்த பழம். அணிலும் மைனாவும் இதை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகின்றன. வளையத் தொடங்கிய காய்க்குப் பழைய வலைத்துணியில் பை கட்டுகிறேன். நாலில் ஒன்று அவற்றுக்குப் போகிறது.

புரட்டாசி வரப்போகிறது, நானும் கவாத்து செய்யப்போகிறேன். உங்கள் வீட்டிலும் சீமை அத்தி நின்றால், வெட்டிய கிளையைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு சாணாக நறுக்கி, என்ன மரம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, வாசல் திண்ணையில் வையுங்கள். கேட்கிறவர்கள் எடுத்துப் போகட்டும்.