அப்பன் பெயரும் நமது வாக்கும்

(வினாயகபுரத்தில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மலையகத்திலிருந்து அம்பாறை வழியாக இங்கே வரும்போது இருபுறமும் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வயல்களுக்கு நீர் தருவது இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். அதன் பெயர் சேனாநாயக்க சமுத்திரம். அந்தப் பெயருக்கு உரியவர் டி. எஸ். சேனாநாயக்க. சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் அவர். முதற் பாதுகாப்பு அமைச்சரும் அவரே. இங்கே அவர் பெயர் சொன்னால் தண்ணீர் நினைவுக்கு வரும். தோட்டத்தில் சொன்னால், பறிபோன வாக்கு நினைவுக்கு வரும்.

அவர் 1884இல் மீரிகமவுக்கு அருகே போத்தலையில் பிறந்தார். தந்தை காரீயச் சுரங்கத்தால் செல்வம் சேர்த்தவர். மகன் நில அளவைத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து, பின்பு இறப்பர்த் தோட்டம் பார்த்தார். 1915 கலவரத்தின்போது வெள்ளையர் ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. 1931 முதல் விவசாய, காணி அமைச்சர். 1947இல் பிரதமர். அன்றைய அரசியலமைப்பின்படி பிரதமரே பாதுகாப்புக்கும் வெளிவிவகாரத்துக்கும் பொறுப்பு. 1949 ஒக்டோபரில் இலங்கை இராணுவம் அவர் காலத்தில்தான் அமைந்தது. கமத்தொழிலுக்கு அவர் செய்ததை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 1948இல் அவருடைய அரசு கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் என்ன கேட்டது? "நீ இங்கே பிறந்தாயா?" என்று மட்டும் கேட்கவில்லை. "உன் அப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? பத்திரம் காட்டு!" என்றது. லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? அடுத்த ஆண்டே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றார்கள். 1947இல் தேர்தலில் வாக்களித்த நம்மவர்களில் பெரும்பாலோர் 1952இல் வாக்கற்றவர்கள் ஆனார்கள்.

அந்த 1952 மார்ச்சில் காலிமுகத் திடலில் குதிரையிலிருந்து விழுந்து டி. எஸ். இறந்தார். பிரதமர் பதவியும் பாதுகாப்பு அமைச்சும் மகன் டட்லிக்குப் போயின. 1953இல் அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. டட்லி விலகினார். இரண்டு பொறுப்புகளும் உறவினர் சேர் ஜோன் கொத்தலாவலவுக்குப் போயின. அண்ணன் மகன் ஆர். ஜி. சேனாநாயக்க வர்த்தக அமைச்சர். சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் 1952 உடன்படிக்கை அவர் கையால் நடந்தது. அந்த இறப்பரில் பாலெடுத்த கைகளில் பல வாக்கில்லாத கைகள். ஐக்கிய தேசியக் கட்சியை "மாமன் மருமகன் கட்சி" என்று ஊர் கேலி செய்ததில் வியப்பில்லை.

கவனியுங்கள், தோழர்களே. அவர்கள் வீட்டில் அப்பன் பெயர் நாற்காலி கொடுத்தது. நம் வீட்டில் அப்பனின் பத்திரம் இல்லாதது வாக்கைப் பறித்தது.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்தன. அண்ணன் கப்பலேற, தங்கை தோட்டத்தில் நின்றாள். 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பிறகுதான் எஞ்சியவர்களின் நாடற்ற நிலை தீர்ந்தது. இடையில் 55 ஆண்டுகள்!

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை பிறந்தால் உடனே பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பத்திரமாக வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வாக்காளர் இடாப்பில் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் சங்கத்துக்கு வாருங்கள். கூட நாங்களும் வருகிறோம்.

பெரிய குடும்பங்களுக்குப் பதவி பரம்பரையாய் வரலாம். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய சொத்து இந்த வாக்குத்தான். அதை இன்னொரு முறை இழக்க வேண்டாம்.