நெஞ்சு நோவும் திகதியும்



மாதவிடாய் நோவைப் பொறுத்துக்கொள்ளவே நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் அந்த நாட்களில் திடீரென நெஞ்சோ தோளோ நொந்து மூச்சு முட்டினால் பொறுத்திருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் சிலருக்குப் பிரிமென்றகட்டிலும் நெஞ்சறையிலும் வளர்வதுண்டு. அவர்களுக்கு மாதவிடாய் தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் சுவாசப்பையைச் சுற்றிக் காற்றுச் சேர்ந்து, சுவாசப்பை சுருங்கிவிடலாம், பெரும்பாலும் வலப்பக்கத்தில். அரிதான நோய்தான், ஆனால் 1958இலேயே பதிவானது.

எக்ஸ்-கதிர்ப் படம் காற்றைக் காட்டும், திகதியைக் காட்டாது. அதை நாங்கள்தான் சொல்லவேண்டும். குழாய் வைத்துக் காற்றை அகற்றினாலும் நோய் திரும்பலாம். ஆகவே சத்திரசிகிச்சையோடு ஓமோன் சிகிச்சையும் தேவைப்படும்.

வைத்தியர் கேட்காவிட்டாலும் மாதவிடாய்த் திகதியை வெட்கப்படாமல் சொல்வோம்; எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.