கொள்வினை கொடுப்பினையும் சோழ அரியணையும்

கல்வெட்டிலும் செப்பேட்டிலும் வாழ்நாளைச் செலவிட்டவர்கள் நிறைந்த அவைக்குத் தலைமை தாங்குவது பெருமை. அவர்கள் முன் ஒரு வாதத்தை வைப்பது அச்சமும் தருகிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்லி நன்றி கூறுகிறேன். கருத்தரங்கின் பொருள் சோழரின் கடல்வழித் தொடர்புகள். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலிருந்து கூப்பிடு தொலைவில் கூடியிருக்கும் நமக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடுத்த லெய்டன் செப்பேடுகளும், தம் ஏழாம் ஆட்சியாண்டில் கடாரத்தை வென்று அதன் அரசனுக்கே திருப்பித் தந்ததாக வீரராசேந்திரன் சொல்லிக்கொள்வதும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியவை அல்ல. ராசேந்திரனின் கடற்படையெடுப்புகளைப் பற்றி இந்நகரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 2009இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதி இன்றும் நமக்குத் தொடக்கப் புள்ளி. வணிகக் குழுக்கள், துறைமுகங்கள், கப்பல்கள் பற்றி இரண்டு நாளும் நிறையக் கேட்கப் போகிறோம். கப்பலில் போன படையைப் பேசும் அளவுக்கு, பல்லக்கில் போன பெண்ணை நாம் பேசுவதில்லை. எனக்குக் கிடைத்த நேரத்தை அவளுக்கே கொடுக்க விரும்புகிறேன்.

சோழ அரியணை 1070இல் கை மாறியது. வீரராசேந்திரனின் மகன் அதிராசேந்திரன் அரியணை ஏறிய சில மாதங்களில் மறைந்தான். வேங்கிச் சாளுக்கிய ராசராச நரேந்திரனின் மகன் ராசேந்திரன் சோழ மன்னனாகிப் பின்னர்க் குலோத்துங்கன் என்று பெயர் பெற்றான். அன்று தொடங்கியவர்களைச் 'சாளுக்கிய சோழர்' என்று தனித் தலைப்பிட்டுப் பிரிப்பது பாடநூல் வழக்கம். விசயாலயன் வழி முடிந்தது, புதிய வழி புகுந்தது என்பது அதன் உட்பொருள். இந்தப் பகுப்பு தவறு என்பதே என் வாதம். தந்தை வழியை மட்டும் குலம் என்று எண்ணிப் பழகியதால் வந்த தவறு இது. அன்றைய அவையினர் குலத்தை அப்படி எண்ணவில்லை என்பதற்கு அவர்கள் விட்டுச்சென்ற சான்றுகளே போதும்.

மணங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். முதலாம் ராசராசனின் மகள் குந்தவை வேங்கி விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் ராசராச நரேந்திரன், தன் தாய்மாமன் முதலாம் ராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்கள் மகன், பின்னாளைய குலோத்துங்கன், தன் தாய்மாமன் இரண்டாம் ராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். தொடர்ந்து இரண்டு தலைமுறை, மாமன் மகளே மனைவி. தமிழ்நாட்டின் எந்த ஊர்த் திண்ணையிலும் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. முறைப்பெண்ணை முறை மாப்பிள்ளை மணந்தான், அவ்வளவே. பௌதாயன தர்மசூத்திரம் தெற்கத்தியாரின் தனி வழக்கங்களுள் ஒன்றாக மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைச் சொல்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் பராசர உரையில் அவ்வழக்கத்துக்கு நியாயம் எழுதினார். இங்கே கவனிக்க வேண்டியது பெயர்கள். வேங்கியில் பிறந்த பிள்ளைக்கு ராசராசன் என்று பெயர். அது தாய்ப்பாட்டன் பெயர். அவன் மகனுக்கு ராசேந்திரன் என்று பெயர்; அதுவும் தாய்ப்பாட்டன் பெயர். குந்தவை என்ற பெயரோ ராசராசனின் தமக்கைக்கும், மகளுக்கும், பிறகு குலோத்துங்கனின் தங்கைக்கும் வருகிறது. எழுபது ஆண்டுகளாகத் தஞ்சைப் பெயர்களைச் சூட்டிப் பிள்ளைகளை வளர்த்த வீட்டை வேற்று வீடு என்று சொல்வது எப்படி?

ஐரோப்பியப் பிரபுக்களின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் நம் வழக்கின் தனித்தன்மை தெளியும். அங்கே திருச்சபை உறவைப் படி கணக்கில் எண்ணியது. ஏழு படி வரை மணம் கூடாது என்றிருந்ததை 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் நான்காகக் குறைத்தது. பெருங்குடிகளுக்குள்ளேயே பெண் தேடியவர்களுக்குத் தூரத்து உறவில் விழாத மணம் அரிது. அதனால் அந்தத் தூரத்து உறவே மணத்தை முறிக்கும் கருவியும் ஆயிற்று. பிரான்சின் ஏழாம் லூயியும் அக்குவிட்டேனின் எலினோரும் 1152இல் பிரிந்தபோது சொல்லப்பட்ட காரணம் இரத்த உறவு. அதே ஆண்டில் அவள் மணந்த ஆன்ழூவின் ஹென்றியும் ஏறத்தாழ அதே நெருக்கத்து உறவினன். நம்மிடம் கேள்வியே வேறு. எத்தனை படி தள்ளி என்று நாம் கேட்பதில்லை. பங்காளியா, மாமன் மச்சானா என்று கேட்கிறோம். ஒன்றுவிட்டாலும் மூன்றுவிட்டாலும் பங்காளி வீட்டுப் பெண் தங்கைதான். எத்தனை விட்டாலும் மாமன் வீட்டுப் பெண் முறைப்பெண்தான். தூரம் கூடக் கூட உறவு தேய்வது அவர்கள் கணக்கு. முறை மாறாத வரை தூரத்தைப் பொருட்படுத்தாதது நம் கணக்கு. இந்த நகரின் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டது. 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் விலக்கப்பட்ட உறவுகளைப் பட்டியலிட்டுவிட்டு, தரப்பினரின் சமயமோ வழக்கமோ ஏற்கும் மணத்துக்குச் சிறப்பு அனுமதி தர வழி வைத்தது.

டிராட்மன் 1981இல் வெளியிட்ட திராவிட உறவுமுறை நூலுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். அரச குடிகளின் மணங்களை இந்த இலக்கணத்தின் சான்றாக அடுக்கிக் காட்டியவர் அவர். ஆனால் பேரரசுக் குடிகளை மட்டும் பார்த்தால் கொடுக்கும் வீடு ஒன்று, கொள்ளும் வீடு ஒன்று என்ற ஒருவழிப் பாதையே தெரிகிறது. சோழர் வேங்கிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அரசியல் மேலாண்மைக்கான உத்தி என்று அதை முடித்துவிடுவது எளிதாகிறது. கொடும்பாளூர் இருக்குவேளிரைப் பாருங்கள். மூவர் கோயில் கல்வெட்டு, சமராபிராமன் சோழ அரச மகள் அனுபமாவை மணந்ததையும், அவர்கள் மகன் பூதி விக்கிரமகேசரி என்பதையும் சொல்கிறது. திருச்செந்துறையில் கற்றளி எடுத்த பூதி ஆதித்த பிடாரி, தென்னவன் இளங்கோவேளின் மகள், பராந்தகன் மகன் அரிகுலகேசரியின் தேவி. அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்குமாகப் பெண் போய் வந்திருக்கிறாள். இதுதான் கொள்வினை கொடுப்பினை. இந்தச் செய்திகளைத் தருபவை மெய்க்கீர்த்திகள் அல்ல. மெய்க்கீர்த்தி யாரை வென்றோம் என்று சொல்லும். யார் வீட்டில் பெண் எடுத்தோம் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இன்னார் மகளார், இன்னார் தேவியார், இன்னார் தங்கையார் என்று, விளக்குக்கும் பொன்னுக்கும் நிலத்துக்கும் சாசனம் வெட்டிய பெண்களின் கொடைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. அவற்றைச் சமய வரலாற்றுக்கும் கலை வரலாற்றுக்கும் பயன்படுத்தினோம். அரசியல் வரலாற்றுக்கு முதல்தரச் சான்றாக வைக்க இன்னும் தயங்குகிறோம். இந்தத் தயக்கம் நம் துறையின் குறை என்று இந்த அவையில் துணிந்து சொல்கிறேன்.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. வலிமையானது பில்கணனுடையது. மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனின் அவைக் கவி அவர். அதிராசேந்திரனைத் தன் தலைவன் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரியணை ஏற்றியதையும், பிறகு கிளர்ச்சியில் அவன் கொல்லப்பட, வேங்கித் தலைவன் ராசிகன், அதாவது குலோத்துங்கன், நாட்டைக் கைப்பற்றியதையும் எழுதுகிறார். செயங்கொண்டாரோ கலிங்கத்துப்பரணியில், பிறந்த குழந்தையைப் பாட்டி கையில் எடுத்து, இவன் நமக்கே மகனாகத் தக்கவன் என்று மகிழ்ந்ததாகப் பாடுகிறார். இதைப் பிடித்துக்கொண்டு தத்து எடுத்தார்கள் என்று தொடக்ககால ஆய்வாளர் சிலர் முடிவு கட்டினர். அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. தத்து என்பது பிறன் மகனைத் தன் மகனாக்கும் சடங்கு. மகள் வயிற்றுப் பேரனை வாரியெடுத்து என் பிள்ளை என்று சொல்ல எந்தப் பாட்டிக்கும் சடங்கு தேவையில்லை. பரணி சொல்வது உறவின் மொழி. அதைச் சட்டத்தின் மொழியாகப் படித்ததால் வந்த பிழை தத்துக் கொள்கை. பில்கணனைப் பொறுத்தவரை, அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தோற்ற தரப்பின் கவி, வென்றவனைப் பறித்தவன் என்பார். குலோத்துங்கனும் அதிராசேந்திரனும் அத்தை மகனும் மாமன் மகனும் என்பதை அவர் சொல்லாமல் விடுகிறார். அதுதான் கவனத்துக்குரியது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: விக்கிரமாதித்தனும் வீரராசேந்திரனின் மருமகன்தானே, மணமே உரிமை தரும் என்றால் அவனுக்கும் தந்திருக்க வேண்டாமா? நல்ல கேள்வி, என் வாதத்தைக் கூர்மையாக்கும் கேள்வியும் இதுதான். விக்கிரமாதித்தன் கட்டியது ஒரே ஒரு முடிச்சு. மேலைச் சாளுக்கியரோடு பல தலைமுறை இருந்தது பகை. அந்த மணம் ஒரு போர்க்கால உடன்படிக்கை. குலோத்துங்கனோ ராசராசனின் மகள் வழிக் கொள்ளுப்பேரன், ராசேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன், இரண்டாம் ராசேந்திரனின் மருமகன். ஒரு மணம் சம்பந்தியைத் தரும். தலைமுறை தோறும் அதே வீட்டில் நடக்கும் மணம் வாரிசைத் தரும். விமலாதித்தனின் வேறொரு தேவிக்குப் பிறந்த விசயாதித்தனையும் எண்ணிப் பாருங்கள். அவனும் வேங்கி அரசகுமாரன்தான், தந்தையும் ஒருவன்தான். ஆனால் சோழர் படையும் பெண்ணும் போனது ராசராச நரேந்திரனுக்கு. தந்தை ஒருவராக இருந்தும் தாய் வேறு என்பதால் இரண்டு மகன்களின் அரசியல் முற்றிலும் வேறாயிற்று. தந்தை வழி ஒன்றே கணக்கு என்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் இல்லை.

அப்படியானால் மகள் வழிப் பேரர் எல்லோரும் ஏன் அரசாளவில்லை என்பது அடுத்த தடை. மகன் இருக்கையில் மகள் வயிற்றுப் பேரனுக்கு அரியணை இல்லை. இதை நான் மறுக்கவில்லை. முறை தந்தது முதல் உரிமை அன்று. மகன் வழி அறுந்தபோது யாரை ஏற்கலாம் என்ற தகுதி. பிற்காலத்துச் செப்பேடுகள் வென்றவன் பிள்ளைகள் எழுதியவை, அவற்றை நம்பலாமா என்றும் கேட்பீர்கள். ராசராச சோடகங்கனின் டேக்கிச் செப்பேடும் வீரசோடனின் செல்லூர், பித்தாபுரச் செப்பேடுகளும் தந்தையைப் புகழவே எழுந்தவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகழ்பவன் கேட்போர் ஏற்கும் காரணத்தையே தேர்ந்தெடுப்பான். அவர்கள் தேர்ந்தெடுத்தது ராசேந்திரதேவன் மகள் மதுராந்தகியை. கலிங்கத்தைக் காட்டி மறுப்போரும் உண்டு. கீழைக் கங்கரின் அனந்தவர்மன் சோடகங்கன் சோழ அரச மகள் ராசசுந்தரியின் மகன். அவன் நாட்டின் மீதுதான் கருணாகரத் தொண்டைமான் படை நடத்தினான். உறவு போரைத் தடுக்கவில்லை, உண்மை. உறவு அமைதியைத் தரும் என்று நான் சொல்லவே இல்லை. உரிமைக் கோரிக்கையைத் தரும் என்கிறேன். பங்குக்கு வரக்கூடியவனோடுதான் சண்டையும் கடுமையாகும்.

இனிக் கடலுக்கு வருகிறேன். 1079ஆம் ஆண்டுக் குவாங்சோ கல்வெட்டை 1964இல் இந்நகரில் வெளியான ஆய்விதழில் டான் இயோக் சியோங் பதிப்பித்த நாள் முதல், சீன ஆவணங்களில் வரும் 'தி-ஹுவா-கா-லோ' குலோத்துங்கன்தானா, அவன் இளமையில் ஸ்ரீவிசயத்தில் இருந்தானா என்ற வாதம் ஓயவில்லை. ஒலி ஒற்றுமை ஒன்றை வைத்து ஓர் அரசனின் இளமையை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. குலோத்துங்கனின் கீழ்க்கடல் உறவுக்கு வேறு சான்றுகள் உள்ளன. 1090இல் கடாரத்து அரசனின் தூதர் வேண்டச் சூடாமணி விகாரத்துக்கு வரிநீக்கம் தந்த சிறிய லெய்டன் செப்பேடு ஒன்று. அவன் தங்கை குந்தவையின் பொற்கொடைகளைச் சொல்லும் 1114ஆம் ஆண்டுச் சிதம்பரக் கல்வெட்டு மற்றொன்று. காம்போச அரசன் காட்சிப் பொருளாகத் தந்த கல் தில்லைக் கோயிலில் வைக்கப்பட்ட செய்தி, ஓர் அரச மகளின் கொடையோடு சேர்ந்தே நமக்குக் கிடைக்கிறது. கடல்வழித் தொடர்பைத் தேடுவோர் பெண்களின் கல்வெட்டைப் புரட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தத் தீவின் சொந்தச் சான்று ஒன்றையும் நாம் புறக்கணித்து வருகிறோம். செஜாரா மெலாயுவில் வரும் ராஜா சூலான் கதையை, சீனர்கள் துருப்பிடித்த ஊசிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பித் துமாசிக்கில் அவனை ஏமாற்றித் திருப்பியதற்காகவே நினைவு வைத்திருக்கிறோம். அவன் அரியணை ஏறிய விதத்தைப் படியுங்கள்: நாகப்பட்டினத்து மன்னனுக்குப் பின் வந்தவன் அவன் மகன் அல்லன், மகள் வயிற்றுப் பேரன். பிறகு அவன் கடலடி நாட்டில் ஓர் அரச மகளை மணக்கிறான். அந்த மணத்தின் வழித்தோன்றலாகத்தான் சிங்கபுரத்தை நிறுவிய சாங் நீல உத்தமன் வருகிறான். பதினேழாம் நூற்றாண்டில் உருப்பெற்ற நூலைப் பதினோராம் நூற்றாண்டுக்குச் சாட்சியாக நான் அழைக்கவில்லை. ராஜா சூலான்தான் குலோத்துங்கன் என்றும் சொல்லவில்லை. மலாய் அரசவை சோழ மன்னனை நினைவில் வைத்தபோது, தாய்ப்பாட்டன் அரியணையில் அமர்ந்த பேரனாக அவனை நினைத்தது. தன் குலத்தை அவன் மணத்தோடு இணைத்துக்கொண்டது. அந்த அவைக்கு அது வம்ச மாற்றமாகத் தோன்றவில்லை. நமக்கு ஏன் தோன்ற வேண்டும்?

ஒரு வேண்டுகோளோடு முதல் அமர்வுக்கு வழிவிடுகிறேன். இன்று உங்கள் கோப்பில் வைக்கப்பட்டிருக்கும் சோழர் வம்ச அட்டவணையில் விசயாலயன் முதல் மூன்றாம் ராசேந்திரன் வரை ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள். 1070க்கு நேரே ஒரு கோடு கிழித்து அதன் கீழ் 'சாளுக்கிய சோழர்' என்று அச்சிட்டிருக்கிறது. நாளை மாலை நிறைவு அமர்வுக்குள் அந்தக் கோட்டை நீக்கி, குந்தவை, அம்மங்கதேவி, மதுராந்தகி மூவரையும் உரிய இடத்தில் எழுதி, திருத்திய அட்டவணையை அவையின் முன் வைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். மறுப்பவர்கள் நிறைவு அமர்வில் எழுந்து பேச நேரம் ஒதுக்கியிருக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.