பனியில் நிற்கும் பொம்மை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு குழு உறுப்பினர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் முன்னாடி நின்னு பழக்கம் இல்ல. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. எங்க குழு செய்யிற காகித மண் பொம்மையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நாங்க முதல்ல பட்ட நஷ்டத்தையும் சேர்த்தே சொல்றேன்.

எங்க ஊர் ஊட்டிக்குப் பக்கம். எனக்குப் பிறந்த ஊர் மேட்டுப்பாளையம் பக்கம், கல்யாணம் ஆகி மலைக்கு வந்தேன். டிசம்பர், ஜனவரியில் எங்களுக்கு உறைபனி விழும். காலையில பார்த்தா புல் மேல உப்பு கொட்டின மாதிரி இருக்கும். தேயிலைக் கொழுந்து கருகிப் போகும். வெயில் ஏறினா எல்லாம் தண்ணியா உருகிடும்.

எங்க குழுவில் 12 பேர். தோட்டத்தில் வைக்கிற பொம்மை செய்யலாம்னு தீர்மானம் போட்டோம். காகித மண்ணுன்னா வெறும் காகிதக் கூழ் இல்லீங்க. களிமண்ணில் காகிதக் கூழைக் கலக்கிறது. பழைய நியூஸ் பேப்பர், முட்டை அட்டை எல்லாத்தையும் கிழிச்சு சுடுதண்ணியில் ராத்திரி பூரா ஊற வைக்கணும். பழைய மிக்ஸியில் அடிச்சு, துணியில் பிழியணும். களிமண்ணைத் தோசை மாவு பதத்துக்குக் கரைச்சு, மூணு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கூழ் சேர்க்கணும். பலகையில் பரப்பிவிட்டா தண்ணி சுண்டி, பிசையிற பதம் வந்துடும். ரெண்டு மூணு நாளுக்குள்ள வேலையை முடிக்கணும், இல்லேன்னா கூழ் நாறிடும்.

இதில் நல்லது என்னன்னா, காகித நார் மண்ணை இழுத்துப் பிடிச்சுக்கும். மெல்லிசா செய்யலாம், காயும்போது விரிசல் கம்மி. வரையாட்டுக்குக் கொம்பு உடைஞ்சா, காஞ்ச பிறகும் அதே சேறு தடவி ஒட்டிடலாம். சாதாரண களிமண்ணில் அது நிக்காது.

செஞ்சதை எங்க அம்மா ஊர் குயவர் சூளையில் சுட்டு, மேல எனாமல் பெயிண்ட் அடிச்சோம். பெயிண்ட் அடிச்சா தண்ணி இறங்காதுன்னு நினைச்சோம். ஒரு தங்கும் விடுதித் தோட்டத்துக்கு 24 பொம்மை, ஒண்ணு 600 ரூபாய்னு கொடுத்தோம். ரொம்ப சந்தோஷமா இருந்தது.

ஜனவரி கடைசியில் போன் வந்தது. போய்ப் பார்த்தா 17 பொம்மை தோல் உரிஞ்ச மாதிரி நிக்குது. பெயிண்ட் தனியா, மண் தனியா செதில் செதிலா கீழே கிடக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அன்னைக்குக் கூட்டத்தில் பெரிய பேச்சு. "பனி விழுந்தா நாம என்ன பண்ண முடியும், வித்தாச்சு, விட்டுடுவோம்"னு சிலர் சொன்னாங்க. எங்க குழுவிலேயே மூத்த அம்மா ஒருத்தர், "நம்ம ஊரில் பனி விழும்னு தெரியாமலா வித்தோம்?"னு கேட்டாங்க. யாருக்கும் பதில் இல்ல. 17 பொம்மைக்கு 10,200 ரூபாய். சேமிப்பில் கை வைக்காம ஆளுக்கு 850 போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். நான் கோழி வித்துக் கொடுத்தேன்.

அப்புறம்தான் ஏன் உரிஞ்சதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். சுடும்போது காகிதம் எரிஞ்சு போயிடுது. அது இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிக்குது. குயவர் சூளைச் சூட்டில் அந்த ஓட்டை மூடாது, தண்ணி குடிக்கும். பானையில் தண்ணி சில்லுன்னு இருக்கிறதே அந்த ஓட்டையாலதான். தண்ணி உறைஞ்சா 100 பங்கு கிட்டத்தட்ட 109 பங்கா பெருக்கும். பாட்டில் நிறைய தண்ணி ஊத்தி ஃப்ரீசரில் வச்சா வெடிக்குதே, அதே கதைதான். ராத்திரி உறையிறது, பகலில் உருகுறதுன்னு தினமும் நடந்தா இப்படித் தண்ணி குடிச்ச மண் தாங்காது. எங்க பெயிண்ட் உதவியா இல்ல, உபத்திரவமா ஆச்சு. அடியில் ஏறின ஈரத்தை அது வெளியே விடல.

இப்ப நாங்க செய்யிறதைச் சொல்றேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யிறாங்க இல்லையா, அந்தப் பக்கம் இருந்து பீங்கான் மண் மூட்டை வாங்கி, அதில் கூழ் கலக்குறோம். காஞ்ச பொம்மையை வைக்கோல் சுத்தி மலையிலிருந்து கீழே அனுப்பறோம். காகித நார் இருக்கிறதால பஸ் குலுக்கலையும் தாங்குது. 1,200 டிகிரிக்கு மேல சுடுறாங்க. மண் இறுகி, ஓட்டை பெரும்பாலும் மூடிடுது.

வந்ததும் எடை போடுவோம். ஒரு நாள் பூரா தண்ணியில் ஊற வச்சு, துடைச்சு மறுபடி போடுவோம். பழைய பொம்மை 1,000 கிராம் இருந்தது 1,140 ஆச்சு. புதுசு 1,015 தான். 1,030-ஐத் தாண்டினா அது வீட்டுக்குள்ள வைக்கத்தான். பிறகு ஊறின பொம்மை ஒண்ணைக் கடை ஐஸ் பெட்டியில் ராத்திரி வச்சு, பகலில் எடுத்து, இப்படிப் பத்து தடவை பார்ப்போம்.

வடிவத்திலும் கவனம் வேணும். தண்ணி தேங்குற குழி இருக்கக் கூடாது. உள்ளே கூடா இருந்தா அடியில் ஓட்டை விடணும். ஈரத் தரையில் வைக்காம ரெண்டு செங்கல் மேல நிறுத்தணும். இதை வாங்குறவங்களுக்கும் எழுதிக் கொடுக்கிறோம்.

புதுப் பொம்மையை உடனே விக்கல. எங்க வீட்டு வாசல்களில் ஒரு பனிக்காலம் பூரா நிறுத்தினோம். ஒண்ணும் ஆகல. அதே விடுதியில் இப்ப மறுபடியும் கேட்டிருக்காங்க. பணம் திருப்பிக் கொடுத்ததை அவங்க மறக்கல.

சுடுகூலியும் வண்டிக்கூலியும் எங்க லாபத்தில் பாதியைத் தின்னுடுது. மலையில் இருக்கிற குழுக்கள் சேர்ந்து ஒரு கரண்ட் சூளை வைக்கக் கூட்டமைப்பு கடன் கொடுத்து உதவணும்னு இந்த மேடையில் கேட்டுக்கிறேன். கத்துக்க விரும்புற குழுக்கு நாங்க வந்து சொல்லித் தர்றோம். பழைய உரிஞ்ச பொம்மை ஒண்ணைப் பத்திரமா வச்சிருக்கோம், அதையும் எடுத்துட்டு வர்றோம்.