அந்த 13 வருஷம்

"திறமை இருந்தா வேலையில வயசை யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னு எதிரணி அம்மா அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க.

1981-க்கு முன்னால ஏர் இந்தியா விமானத்துல ஆண் பணியாளருக்கு ஓய்வு வயசு 58. பணிப்பெண்ணுக்கு? 35! மேலதிகாரி மனசு வச்சா 45 வரைக்கும் நீட்டிப்பு. முதல் குழந்தை உண்டானா அன்னிக்கே வீட்டுக்கு!

நர்கேஷ் மிர்சா என்ற பணிப்பெண் வழக்காடினார். 1981-ல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. நீட்டிப்பில் மேலதிகாரியின் இஷ்டம் செல்லாது என்றது. சரி, 58 கிடைச்சுதா? இல்லீங்க, உடல்தகுதி இருந்தா 45 வரைதான்!

45 வயசுல தட்டு ஏந்தினா கை நடுங்குமா? நம்ம வீட்டுக் கல்யாணத்துல பந்தி பந்தியா பரிமாறுறது யாருங்க? அந்த வயசு அத்தைதானே!

எதிரணி அம்மா, மிச்சம் 13 வருஷச் சம்பளத்தை அந்தப் பெண்களுக்கு யாரு கொடுத்தாங்க?